முகத்தைக் கடைசியில் வரையுங்கள்: மனித உருவம் வரையப் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் சித்திரம் எடுத்த மாணவர்களுக்கும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களுக்குப் போக ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும் மனித உருவம்தான் பெரிய தடையாக நிற்கிறது. குடத்தையும் பழத்தையும் தயங்காமல் வரைகிற கை, எதிரே ஓர் ஆள் வந்து அமர்ந்ததும் விறைத்துப்போகிறது. தமக்குத் திறமை இல்லை என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பிழைத்திருப்பது வேலையின் வரிசை.

அநேகமாக எல்லோரும் கண்ணில் தொடங்குகிறார்கள். பிறகு மூக்கு, வாய், தலைமுடி, கழுத்து, சட்டைப் பொத்தான் என்று இறங்கி முழங்காலுக்கு வரும்போது கடதாசி முடிந்துவிடுகிறது. ஒரு மாணவி தன் அம்மப்பாவை வரைந்துகொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடியின் வளைந்த கம்பியும் காதோரத்து நரைமுடியும் அவ்வளவு உயிரோடு இருந்தன. ஆனால் அவர் கதிரையில் உட்காரவில்லை. கதிரைக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தார். பாதங்கள் தாளின் அடியோரத்தில் நசுங்கிக் கிடந்தன. “காலுக்கு இடம் போதவில்லை, சேர்” என்றாள். கண்ணாடிக் கம்பியை முதலில் வரைந்தபோதே அந்த இடம் பறிபோய்விட்டது.

ஆள் யார் என்று கேட்பதற்கு முன், அவருடைய பாரம் எங்கே இறங்குகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கண்டபிறகே மற்றதெல்லாம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. திருகோணமலையில் கிடைக்கும் பொருட்களும் இங்கே காணக்கிடைக்கும் ஆட்களுமே போதும்.

1. முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை

மலிவான கடதாசி நிறைய வேண்டும். ஏ3 அளவுக்குக் குறையக் கூடாது. சின்னத் தாளில் விரல் மட்டுமே அசையும். பெரிய தாளில் தோளிலிருந்து கை முழுவதும் அசையும். விலை கூடிய தாள் இப்போது வேண்டாம். தாள் வீணாகிவிடும் என்ற பயம் கோட்டைக் குறுக வைக்கும்.

பென்சில் 2பி, 4பி, 6பி. கூர்ப்பானை ஒதுக்கிவிட்டு பிளேட்டால் சீவுங்கள். கரி ஒரு சென்ரிமீற்றராவது வெளியே நீண்டிருந்தால்தான் பென்சிலைச் சாய்த்து அகலமான கோடு போட முடியும்.

ஒரு ஹார்ட்போட் பலகை, நான்கு மூலைக்கும் நான்கு கிளிப். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு கிளிப்போடு கடற்கரைக்குப் போனவர்கள் தாளைத் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பதற்கு ஒரு நேரான தென்னை ஈர்க்கு. பென்சிலைவிட மெல்லியது, அளக்கும்போது பார்வையை மறைக்காது. கூடவே ஒரு முழ நூலில் தூண்டில் ஈயம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும். மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டின் வேலையை இது செய்யும். நான்காம் படி முழுவதும் இந்த நூலை நம்பித்தான் இருக்கிறது.

அழிறப்பரைப் பையிலேயே விடுங்கள். பதினொராம் படி வரை அது தேவைப்படாது.

2. இருக்கும் இடமும் பார்க்கும் தூரமும்

ஆளின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் தள்ளி இருங்கள். கிட்ட இருந்தால் தலையைப் பார்க்க அண்ணாந்தும் பாதத்தைப் பார்க்கக் குனிந்தும் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது ஒரே உருவத்தை இரண்டு பார்வையில் வரைந்து நடுவில் ஒட்டியதாக முடியும்.

பலகையை மடியில் படுக்க வைக்காதீர்கள். தாளின் மேற்பகுதி கண்ணுக்குத் தூரமாகிச் சுருங்கித் தெரியும். அதை ஈடுசெய்ய உங்களை அறியாமலே மேற்பாதியைப் பெரிதாக வரைவீர்கள். பெரிய தலை, சிறிய கால் என்று பலருக்கும் வரும் பிழையில் பாதி இந்த மடிப் பலகையால் வருவது. கதிரையின் முதுகில் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அசைத்து ஆளையும் தாளையும் மாறி மாறிப் பார்க்க முடிய வேண்டும்.

3. யாரைப் பார்த்து வரைவது

முதலில் வீட்டில் இருப்பவர்களை. பத்திரிகை படிக்கும் அப்பா, அரிவாள்மனையில் மீன் வெட்டும் அம்மா, தூங்கும் தம்பி. உடையில்லாத உடலைப் பார்த்து வரையும் வாய்ப்பு நம் ஊரில் கிடைப்பது அரிது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மேலுடம்பில் துணியின்றிச் சாரத்தை மடித்துக் கட்டி வேலை செய்யும் மனிதர்கள் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கிறார்கள். தோள், முதுகு, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் அவர்களிடம் படிக்கலாம்.

அதற்கு அடுத்தது பஸ் நிலையம், சந்தை, கடற்கரை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சில நிமிடம் அப்படியே நிற்பார்கள். புதியவருக்கு அது பெரிய உதவி. கிட்டப் போய் வரைவதென்றால் கேட்டுவிட்டு வரையுங்கள். “அண்ணை, நான் சித்திரம் படிக்கிறேன், கொஞ்ச நேரம் வரையலாமா?” என்றால் மறுப்பவர் குறைவு. பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் வரையவே கூடாது. கோட்டைக்குள்ளும் துறைமுகப் பக்கமும் படையினர் இருக்கிறார்கள். அங்கே கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பலகையை விரிக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். கிட்ட நின்று எடுத்த கைபேசிப் படம் முன்னால் இருப்பதைப் பெருப்பித்து, பின்னால் இருப்பதைச் சிறுப்பிக்கும். உங்கள் கண் அதையே உண்மை என்று பழகிவிடும்.

4. பாரமும் சாய்வும்

இந்தப் படியில் அதிக நாள் செலவிடுங்கள். மற்றப் படிகளை அவசரமாகக் கடந்தாலும் திரும்பி வந்து திருத்தலாம். இதைத் தவறவிட்டால் மேலே கட்டுவதெல்லாம் சரியும்.

முப்பது வினாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்து வரையுங்கள். முதற்கோடு தலையின் உச்சியிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே இழுப்பில் வர வேண்டும். உடல் எப்படி வளைகிறது, எங்கே இழுபடுகிறது என்பதுதான் அந்தக் கோடு. வெளிவிளிம்பைத் தேடாதீர்கள். நேரம் போதாது என்று தோன்றும். அது வேண்டுமென்றே வைத்த நெருக்கடி: நேரம் இருந்தால் கண் கண்ணிமைக்குப் போய்விடும்.

இரண்டாவது, மூன்றாவது கோடுகள் தோளின் சாய்வும் இடுப்பின் சாய்வும். ஒருவர் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், மற்றப் பக்கம் தாழும். தோள் அதற்கு எதிராகச் சாயும். பாரம் தாங்கும் பக்கத்தில் விலாவும் இடுப்பும் நெருங்கும். அங்கே சதை மடியும். மறுபக்கம் நீளும். கோவில் சிற்பங்களில் அபங்கம், திரிபங்கம் என்று சிற்பிகள் கையாளும் நிலைகளுக்கும் அடிப்படை இந்தச் சாய்வுதான். இரண்டு தோளையும் சமமட்டமாக வரைந்துவிட்டு, ஆள் ஏன் கம்பம் போல நிற்கிறார் என்று யோசிப்பவர்கள் இடுப்பைப் பார்க்கவே இல்லை.

இப்போது ஈயம் கட்டிய நூலை எடுங்கள். கையை நீட்டி, காறையெலும்புகள் இரண்டும் சந்திக்கும் கழுத்துக்குழிக்கு நேராக அதைத் தொங்கவிடுங்கள். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு அந்த நூல் பாரம் தாங்கும் பாதத்தின்மேலேயே விழும், பெரும்பாலும் உட்பக்கக் கணுக்காலுக்குக் கிட்ட. இரு காலிலும் சமமாக நிற்பவருக்கு இரு பாதங்களுக்கும் நடுவில் விழும். உங்கள் தாளிலும் அதே இடத்தில் விழுகிறதா? விழவில்லை என்றால் உருவம் சாயும். எவ்வளவு நிழல் பூசினாலும் நிமிராது.

நூல் இரு பாதங்களுக்கும் வெளியே விழுந்தால், அந்த ஆள் ஒன்றில் நடக்கிறார், ஓடுகிறார், அல்லது எதையோ பிடித்துச் சாய்ந்திருக்கிறார். இதைப் படிக்க நிலாவெளிப் பக்கக் கரையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கயிற்றைப் பிடித்தவர் குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்பக்கம் சரிந்திருப்பார். கழுத்துக்குழியிலிருந்து இறங்கும் நூல் பாதத்துக்கு வெகு பின்னால் போகும். அவரை விழாமல் பிடித்திருப்பது கயிற்றின் இழுவை. ஆகவே கயிற்றை முதலில் வரையுங்கள். கயிற்றின் திசை தெரிந்தால்தான் உடலின் சரிவு நம்பும்படி இருக்கும். கயிறில்லாமல் ஆளை மட்டும் வரைந்து வந்த தாள்களில் எல்லோரும் வழுக்கி விழுபவர்களாகவே இருந்தார்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், ஒருவரில் தவறவிட்டதை அடுத்தவரில் பிடிக்கலாம்.

கடற்கரையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கடலும் வானும் சேரும் கோடு உங்கள் கண்மட்டம். சமதரையில் நீங்கள் நின்றபடி பார்த்தால், உங்கள் உயரமுள்ளவர்கள் கிட்ட நின்றாலும் தூர நின்றாலும் அந்தக் கோடு அவர்களுடைய கண்ணருகில்தான் வெட்டும். மணலில் உட்கார்ந்து பார்த்தால் இடுப்புக்குக் கிட்ட வெட்டும். தூரத்து ஆட்களைத் தாளின் மேலே மேலே ஏற்றி வைத்து, அவர்கள் வானத்தில் நடப்பதாக வரைவது இதைக் கவனிக்காததால்தான். கரை நீரை நோக்கிச் சரிவதால் நீரோரத்தில் நிற்பவர் மட்டும் கொஞ்சம் தாழ்ந்து தெரிவார்.

5. அளவு

சாய்வு சரியாக வந்தபிறகே அளக்க வேண்டும். முதலில் அளந்துவிட்டால் ஆள் அளவுகோலாகிவிடுவார்.

ஈர்க்கைப் பிடித்து முழங்கையை மடக்காமல் கையை முழுதாக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். ஈர்க்கின் நுனியைத் தலையின் உச்சிக்கும், பெருவிரல் நகத்தை நாடிக்கும் பொருத்தினால் அது ஒரு தலை. அதைக் கொண்டு உடலை அளந்து இறங்குங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். புதியவர்களின் அளவுகள் ஒவ்வொரு முறையும் வேறாக வருவதற்கு இதுவே காரணம்.

வளர்ந்தவர் ஏறக்குறைய ஏழு முதல் ஏழரைத் தலை உயரம். எட்டுத் தலை என்பது வீரனுக்கும் தெய்வத்துக்கும் கொடுக்கும் உயரம். நின்ற உருவத்தின் சரிபாதி இடுப்பில் இல்லை, தொடைகள் பிரியும் இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. கால் எப்போதும் நீங்கள் நினைப்பதைவிட நீளம். அங்கிருந்து பாதம் வரையுள்ள தூரத்தின் பாதியில் முழங்கால். கையைத் தொங்கவிட்டால் முழங்கை கடைசி விலாவின் மட்டத்திலும், மணிக்கட்டு தொடை பிரியும் மட்டத்திலும், விரல்நுனி தொடையின் நடுவிலும் வரும். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு இருக்கையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய நான்கு தலை. நடை பழகும் குழந்தை நான்கு தலை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஐந்தரை முதல் ஆறு.

சிற்பக்கலையும் சேர்த்துப் படிப்பவர்கள் இங்கே குழம்புகிறார்கள். நவதாளம், தசதாளம் என்று சொல்லும்போது தாளம் என்பது முகத்தின் நீளம்: மயிர்க்கோட்டிலிருந்து நாடி வரை, பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்தது. நாம் மேலே அளந்தது உச்சியிலிருந்து நாடி வரையுள்ள முழுத்தலை. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் கழுத்தோ காலோ ஒரு சாண் கூடிவிடும். தாளமானம் தெய்வ வடிவத்துக்கு வகுத்த இலக்கணம். எதிரே நிற்கும் அண்ணனுக்கு ஈர்க்குதான்.

சராசரி அளவுகளை மனதில் வையுங்கள், ஆனால் ஈர்க்கு வேறு சொன்னால் ஈர்க்கை நம்புங்கள். குட்டையான கால் உள்ளவரைக் குட்டையான காலோடுதான் வரைய வேண்டும்.

6. விலாக்கூடும் இடுப்பும்

உடலில் வளையாத பெரிய கட்டிகள் மூன்று: தலை, விலாக்கூடு, இடுப்பெலும்பு. அசைவெல்லாம் இவற்றுக்கு இடையிலுள்ள கழுத்திலும் வயிற்றிலும்தான். ஆகவே விலாக்கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பை ஒரு பெட்டியாகவும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்கு முன்முகம், பக்கமுகம் இரண்டையும் காட்டினால் ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது உடனே தெரியும்.

கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வழியாக இறங்கும் நடுக்கோட்டை மறக்காமல் போடுங்கள். உடல் கொஞ்சம் திரும்பினாலும் அது ஒருபக்கம் ஒதுங்கும். நடுக்கோடு போடாதவர்களின் உருவத்தில் மார்பு ஒரு பக்கம் பார்க்கும், வயிறு இன்னொரு பக்கம் பார்க்கும்.

பருமனானவரிடமும் எலும்பு வெளியே தெரியும் இடங்கள் உண்டு: காறையெலும்பு, தோள்முனை, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் சில்லு, கணுக்கால். முதலில் இந்தப் புள்ளிகளைக் குறியுங்கள். சதை இடம் மாறும், இவை ஏமாற்றா.

7. கையும் காலும்

புதியவர்கள் கையையும் காலையும் இருபக்கமும் ஒரேமாதிரி வீங்கிய குழாயாக வரைகிறார்கள். அப்படி ஒரு கால் எங்கும் இல்லை. கெண்டைக்காலின் வெளிப்பக்க வீக்கம் மேலே, உட்பக்க வீக்கம் கீழே. கணுக்காலில் அதற்கு நேர்மாறு: உட்புறத்துக் கணு உயரம், வெளிப்புறத்துக் கணு தாழ்வு. முன்னங்கை முழங்கைக்குக் கிட்டத் தடித்து மணிக்கட்டில் தட்டையாகும். ஒரு பக்கம் வளைந்தால் மறுபக்கம் ஓரளவு நேராக ஓடும். உங்கள் காலையே கண்ணாடியில் பார்த்தால் போதும்.

8. நம்மை நோக்கி நீளும் உறுப்பு

உட்கார்ந்தவரை நேருக்கு நேர் பார்த்தால் தொடை ஏறக்குறைய மறைந்துவிடும். மனம் “தொடை நீளமானது” என்று சொல்லும், கையும் நீளமாக வரையும். அந்த அம்மப்பா கதிரைக்கு முன்னால் மிதந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே நீளத்தை மட்டும் அளக்காமல், அதே உறுப்பின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடையின் நீளம் அதன் அகலத்தைவிடக் குறைவாகக்கூடத் தெரியலாம். ஈர்க்கு காட்டுவதை அப்படியே போடுங்கள்.

எது முன்னால், எது பின்னால் என்று காட்டுவது மேற்கவியும் கோடு. முழங்காலின் கோடு தொடையின் கோட்டை வெட்டி முன்னால் வர வேண்டும். இன்னொரு வழி, உறுப்பை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்ப்பது. இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள முக்கோணம் சரியாக வந்தால் கை தானாகச் சரியாகும்.

கோணேசர் கோவில் வாசலிலுள்ள பெரிய சிவன் சிலையின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். அமர்ந்த கால்கள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன, தலை எவ்வளவு சிறுக்கிறது என்று ஈர்க்கால் அளந்துவிட்டு, பின்பு தூரப்போய் மறுபடியும் அளந்து பாருங்கள். அசையாமல் இருக்கும் மாதிரியிடம் இதைப் படிப்பது எளிது.

9. உடை

துணியை வரையாதீர்கள், துணி எதில் தொங்குகிறது என்று பாருங்கள். நின்றவரின் சாரம் இடுப்பில் தொங்கும், முன்வைத்த முழங்காலில் தட்டும். மடிப்புகள் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து புறப்படும். உட்கார்ந்தவருக்கு இரு முழங்கால்களுக்கும் நடுவே துணி தொய்ந்து விழும். சேலையில் தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குப் போகும் மடிப்புகள் விலாக்கூட்டின் உருட்சியைச் சுற்றி வளைய வேண்டும். நேர்கோடாகப் போட்டால் உடல் பலகையாகும்.

உள்ளே இருக்கும் காலை மெல்லிய கோட்டில் முழுதாக வரைந்துவிட்டு மேலே சாரத்தைக் கட்டுங்கள். காலில்லாத சாரம் நிற்காது.

10. கை, பாதம், முகம்

கையின் நீளம் நாடியிலிருந்து மயிர்க்கோடு வரை. பாதத்தின் நீளம் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை. இரண்டையும் பயந்து பயந்து சின்னதாக வரைவது எல்லோருக்கும் வரும் பிழை. விரல் விரலாகத் தொடங்காமல், நான்கு விரலையும் சேர்த்து ஒரு கையுறையாகப் போட்டு, பெருவிரலைத் தனியாக வையுங்கள். பிரிப்பது பிறகு.

முகம் இப்போதுதான். தலை ஏற்கெனவே சரியான அளவிலும் சாய்விலும் இருப்பதால் வேலை பாதியாகக் குறையும். கண்கள் தலையின் சரிபாதியில் வருகின்றன, நெற்றிக்குக் கீழேயே வந்துவிடுவதில்லை. உருவம் முழுதாக உள்ள தாளில் கண்ணுக்கு இரண்டு நிழற்கோடு போதும், இமைமயிர் வேண்டாம்.

11. ஒளியும் நிழலும்

ஒரே பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தேர்ந்தெடுங்கள். டச்சு வளைகுடாக் கரையில் காலை ஒளி கடலிலிருந்து தாழ்வாக வரும். உட்துறைமுகப் பக்கம் மாலை ஒளி நல்லது. நண்பகலில், அதுவும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஏப்ரலில், கண்குழியும் நாடியும் மட்டுமே கறுக்கும். படிப்பதற்கு எதுவும் கிடைக்காது.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உருவம் ஒளி, நிழல் என்று இரண்டாகப் பிரியும். நிழற்பகுதி முழுவதையும் 4பி பென்சிலைச் சாய்த்து ஒரே அடர்த்தியில் பூசுங்கள். 6பி மிக ஆழமான இடங்களுக்கு மட்டும். விரலால் தேய்த்து மழுப்பாதீர்கள். எலும்பு எங்கே திரும்புகிறது என்பது அழிந்துபோகும். அழிறப்பரை இப்போது எடுக்கலாம்.

12. பிழையைக் கண்டுபிடித்தல்

முடித்த தாளைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், பிறகு தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வு அப்போது வெளியே வரும். தாளின் மூலையில் திகதியையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதுங்கள். எதையும் கிழிக்காதீர்கள். ஒரு மாதத் தாள்களை நிலத்தில் விரித்தால், ஒவ்வொருவருக்கும் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அந்தப் பிழைக்கு உரிய படிக்குப் போங்கள். ஆள் விழுகிறார் என்றால் நான்காம் படி. தலை பெருக்கிறது என்றால் முதலில் பலகையை நிமிர்த்துங்கள், பிறகு ஐந்தாம் படி. மார்பும் வயிறும் வேறு பக்கம் பார்த்தால் ஆறு. உட்கார்ந்தவர் மிதந்தால் எட்டு. நிழல் அழுக்காகத் தெரிந்தால் பதினொன்றுக்குப் போக முன் நான்கையும் ஐந்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அநேகமாகக் கோட்டிலுள்ள பிழையை மறைக்கத்தான் நிழல் கூடியிருக்கும். அடுத்த வாரத்து முதல் பத்துத் தாளையும் அந்த ஒரு பிழைக்காகவே ஒதுக்குங்கள்.